பட்டைக் களத்துப் பதினான்கு வீடுகள்

எங்கள் தெருவில் அப்போது யாரும் விறகு வாங்கியதில்லை. ஆம்பூரில் பாலாற்றுப் பக்கமாக, ஒரு தோல் ஷாப்பை ஒட்டி இருந்த பதினான்கு வீடுகளைச் சொல்கிறேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஆவாரம்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தச் சாற்றில் தோலை நாள்கணக்கில் கிடக்கவிடுவார்கள். சாறெல்லாம் இறங்கியபின் மிஞ்சும் சக்கையை மதிலுக்கு வெளியே கொட்டுவார்கள். அதை நாங்கள் கூடையில் அள்ளி வந்து, காயவைத்து, அடுப்பெரிப்போம். முதலில் புகையும், புளித்த வாடை அடிக்கும், பிறகு நின்று எரியும்.

கல்யாணமாகி வந்த முதல் மாதம் அந்த வாடையில் எனக்குச் சோறே இறங்கவில்லை. "மகாராணிக்குச் சந்தனக் கட்ட வாங்கியாரச் சொல்லட்டா?" என்றார் என் மாமியார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "சொல்லுங்க அத்தே, நீங்களும் ரெண்டு நாள் மோந்து பாருங்க" என்றேன். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல, இது வாயில்லாப் பூச்சி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டையும் இருந்தது, ஒத்துப்போவதும் இருந்தது.

சக்கையை ஷாப்புக்காரர்கள் சும்மா கொடுத்தார்கள். நாங்களும் சும்மா கொடுத்தது ஒன்று உண்டு. வீடுகளுக்கு முன்னால் பெரிய களம் ஒன்று, தெருவுக்குப் பொதுவானது. ஷாப்புக்கு வரும் பட்டை முழுவதும் அதில்தான் காய்ந்தது. பட்டை வண்டிகள் முதல் வீட்டுப் பக்கம் திரும்பி, களத்தின் குறுக்கே போய்த்தான் ஷாப்பு வாசலைச் சேரும். யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அக்கம்பக்கம் என்றால் அப்படித்தானே?

இதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆவாரம்பட்டை மழையில் நனைந்தால் சத்து இறங்கிப்போகும். அப்புறம் அதை வெந்நீர் போடத்தான் எரிக்கலாம். அதனால் மேற்கே இடி உருண்டால் போதும், எங்கள் தெருப் பெண்கள் அடுப்பை விட்டு, பிள்ளையை விட்டு, களத்துக்கு ஓடுவோம். முறமும் பாயும் கோணியுமாகப் பட்டையை வாரிக் குவித்து மூடிவிட்டுத்தான் திரும்புவோம். யார் பட்டை என்று கேட்பதில்லை. மழைக்கு முன்னால் காயும் பொருளை வாருவது பெண்பிள்ளைகளுக்குக் கையோடு பிறந்த வேலை. அந்த வேலைதான் எங்களைச் சந்திக்கு இழுக்கப் போகிறது என்று யார் கண்டது!

எங்கள் வீடு பதினான்காவது, கடைசி. ஒரு பக்கம் ஷாப்பு மதில். பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் ரயிலடிக்குப் போகும் பெரிய ரோடு. ஆற்றில் வெள்ளம் வந்து பழைய வீடு கரைந்துபோன பிறகு, என் மாமியார் தன் கையால் மண் குழைத்து எழுப்பிய வீடு அது. அப்போது மாமனார் போய் ஆறு மாதம். என் வீட்டுக்காரர் கைக்குழந்தை. முதலில் அடுப்படியைத்தான் கட்டினாராம். சுவர் இடுப்பளவு எழும்பும் முன்பே அடுப்புப் போட்டு, தலைக்கு மேல் ஓலையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினாராம். இந்தக் கதையை மாதத்துக்கு இரண்டு தரமாவது சொல்வார். சொல்லும்போது கை தானாக அடுப்பைத் தடவும்.

என் பெரிய பையன் பிறந்து ஐந்து மாதம் இருக்கும். தாலுக்கா ஆபீசிலிருந்து தண்டோரா போட்டுக்கொண்டு வந்து, முதல் வீட்டுக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான். படித்தேன். பதினான்கு வீடும் களமும் பொதுக் காரியத்துக்காக சர்க்காருக்குத் தேவைப்படுவதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஷாப்பை விரிவாக்குவதற்கு என்றும் இருந்தது.

"பொதுன்னா இன்னாமே?" என்று கேட்டார் மாமியார்.

"எல்லாருக்கும்னு அர்த்தம் அத்தே."

"எல்லாருக்கும்னா? நம்மள உட்டுட்டு மிச்சம் இருக்கிற எல்லாருக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. முதல் வீட்டுக்காரர் வண்டி வைத்திருந்தவர், தெருவில் கொஞ்சம் வெளி உலகம் தெரிந்தவர். "எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவான்னு சும்மாவா சொன்னாங்க" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அந்த ஷாப்பில்தான் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வார்?

ஷாப்பு முதலாளியை நாங்கள் சாயபு என்போம். கொடுமைக்காரர் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். ஆனால் பொய் எழுத வராது. நோன்பு மாதத்தில் எங்கள் பதினான்கு வீட்டுக்கும் தூக்குவாளியில் கஞ்சி அனுப்புவார். பெண்கள் எதிரே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போவார். அவருக்கு ஷாப்பைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்தது நாங்கள். சர்க்காரிடம் கேட்டார், சர்க்கார் சரி என்றது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

மனுவை நான் எழுதினேன், பதினான்கு கைநாட்டு வைத்தோம். அழுத பிள்ளைக்குத்தானே பால்? மாமியாரும், முதல் வீட்டுக்காரரும், கையில் பிள்ளையோடு நானுமாக ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் வக்கீலிடம் போனோம். மாமியார் அதற்குமுன் வேலூரைப் பார்த்ததில்லை. கோட்டையைக் காட்டினேன். "இத யாரு காலி பண்ண வெச்சான்?" என்று கேட்டார். அந்தச் சமயத்தில் அவர் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

வக்கீல் ஒல்லியான மனிதர், வேகமாகப் பேசுவார். எங்கள் மனுவைப் படித்துவிட்டு, முதல் வீட்டுக்காரர் முன்பே சொல்லிவைத்ததால் ஆபீசிலிருந்து நகல் எடுத்து வைத்திருந்த வேறொரு காகிதத்தை எடுத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். இரண்டு வருஷம் முன்னால் ஒரு சர்வேயர் தெருவுக்கு வந்து சங்கிலி போட்டு அளந்துவிட்டுப் போயிருந்தார். அவர் எழுதிய குறிப்பு அது. களம் முழுவதும் ஷாப்பின் அனுபவத்தில் இருக்கிறது. வீடுகளில் இருப்பவர்கள் ஷாப்புக் கூலிகள். மழை வந்தபோது ஷாப்புச் சரக்கை இவர்களே ஓடி வந்து காப்பாற்றியதை நேரில் கண்டேன் என்று எழுதியிருந்தார்.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வெயிலில் வந்தவர் என்று அவருக்கு மோர் கொடுத்திருந்தோம். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இடி இடித்தது. சொம்பை அவர் கையில் விட்டுவிட்டு ஓடினோம்.

"ரெண்டு சொம்பு மோரு குடிச்சானே, அத எழுதலியா அந்தப் பாவி?" என்றார் மாமியார்.

வக்கீல் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "அம்மா, நீங்க ஷாப்புக் கூலிங்க, வீடு ஷாப்புக்காரன் குடுத்த எடம்னு சர்க்கார் நினைக்குது. நீங்க வேற, ஷாப்பு வேறன்னு காட்டணும். டிப்டி கலெக்டர் நேரா வந்து பார்ப்பார். அன்னிக்கு ஒருத்தரும் அந்தப் பட்டைய தொடக்கூடாது. இடி விழுந்தாலும் தொடக்கூடாது."

பட்டையை மட்டும் இல்லை, சக்கையையும் தொடுவதில்லை என்று ஊர் திரும்பியதும் மாமியார் தீர்மானம் போட்டார். அவன் சக்கையில் சோறாக்கிக்கொண்டு அவன் வேறு நாம் வேறு என்றால் யார் நம்புவார்கள்? பேச்சு நியாயமானதுதான். ஆனால் பதினான்கு வீட்டு அடுப்புக்கு என்ன வழி? விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்க் கருவேல முள் வெட்டினோம். கையெல்லாம் கீறல். சாணி தட்டினோம், மாடு இருந்தது மூன்றே வீட்டில். ஒருவர் மாட்டுக்குப் பின்னால் இன்னொருவர் கூடையோடு நடந்து, அதில் இரண்டு சண்டை வந்தது. ஷாப்பு மதிலுக்கு வெளியே சக்கை மலைபோல் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் முள்ளுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வருவோம். "எட்டிக்கூடப் பாக்காதீங்க" என்பார் மாமியார். அவர்தான் ஜாஸ்தியாகப் பார்த்தார்.

அந்தச் சமயம் என் பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பாலைக் கக்கினான், ராத்திரியெல்லாம் சிணுங்கினான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி எல்லோரும் செய்வது. பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மசூதி வாசலில் நிற்போம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் இல்லை, அழுகிற பிள்ளை இருந்தால் போதும். நானும் நின்றேன். நாலாவதோ ஐந்தாவதோ ஆளாக வந்தவர் சாயபு.

கண்ணைத் தாழ்த்தியபடியே வந்தவர் பிள்ளை முகத்தில் மூன்று தரம் ஊதினார். பிறகுதான் நான் யார் என்று பார்த்தார். எனக்குப் பேசாமல் வந்துவிடத் தெரியவில்லை. "வூட்டப் புடுங்கிட்டு புள்ளைக்கு ஊதுறீங்களே பாய்" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "வூடு விசயம் வேற, கொழந்த விசயம் வேறம்மா. நாளைக்கும் கொண்டாங்க, மூணு நாள் ஊதணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பையனுக்குச் சரியாயிற்று. அவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டிப்டி கலெக்டர் ஐப்பசியில் ஒரு நாள் வந்தார். ஐப்பசி என்றால் அடைமழைக் காலம். ஆனால் அதற்கு முன் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்ததால் களத்தில் பட்டை பரப்பியிருந்தது. கூடவே கர்ணம், அதே சர்வேயர், குடை பிடிக்க ஒரு டவாலிச் சேவகன், ஷாப்பு கணக்குப்பிள்ளை, சாயபு. நாங்கள் வக்கீல் சொன்னபடி அவரவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஷாப்பு ஆட்கள் இருபது பேருக்கு மேல் வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் கொட்டகையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

அன்று களத்தில் கிடந்த பட்டை ஏலகிரி அடிவாரத்திலிருந்து வந்தது. உரித்துக் கொண்டுவந்தவள் ஒரு கர்ப்பிணிப் பெண், ஏழு மாதம் இருக்கும். புருஷன் கூட வரவில்லை. காய்ந்த பிறகுதான் ஷாப்பில் நிறுத்து எடுப்பார்கள், அதுவரைக்கும் பட்டை அவளுடையது. பெரிய மனிதர்கள் வந்ததால் நிறுப்பது தள்ளிப்போயிற்று. அவள் புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

டிப்டி கலெக்டர் பாதிக் களம் நடந்திருப்பார். மேற்கே உருண்டது இடி. காற்று வந்தது, புழுதி வந்தது, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அதிகாரிகள் கொட்டகைக்கு ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் எழுந்து போய், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பட்டையை வார ஆரம்பித்தாள்.

நான் மாமியாரைப் பார்த்தேன். "கம்முனு நில்லுமே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் இருவரையும் பார்த்தாள். பதினான்கு வாசலிலும் பெண்கள் நின்றுகொண்டு, யாராவது முதலில் ஓடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கையில் முறத்தை எடுத்து, வீடு போய்விடுமே என்று மறுபடி கீழே வைத்தேன். களத்தில் அந்தப் பெண் குனிய முடியாமல் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அட, நாசமாப் போக!" என்றொரு சத்தம். யாரைத் திட்டினார் என்று தெரியாது. முழங்கால் வலி என்று காலையில் என்னிடம் தைலம் தேய்த்துக்கொண்ட என் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் போட்ட தீர்மானத்தை அவரே உடைத்தார். அப்புறம் யார் நிற்பார்கள்? பதினான்கு வீடும் ஓடியது. முறம், பாய், கோணி, என் பிள்ளையின் தூளிப் புடவை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினோம். மழை கொட்டித் தீர்த்தது. முக்கால்வாசிப் பட்டை பிழைத்தது.

மூடி முடித்து நிமிர்ந்தபோதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கொட்டகையில் சர்வேயர், 'நான் எழுதியது சரிதானே' என்பதுபோல டிப்டி கலெக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மழை விட்டதும் டிப்டி கலெக்டர் மாமியாரைக் கூப்பிட்டார். தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. "நீங்கள்ளாம் ஷாப்புக் கூலிதானே?" என்று கேட்டார்.

"இல்ல எஜமான்."

"உன் பிள்ளை எங்கே வேலை செய்யறான்?"

"இதே ஷாப்புலதான். அதோ நிக்கிறான்."

"அப்புறம் என்ன?"

மாமியார் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டார். "எம் புள்ள ஷாப்புக்குக் கூலி, எஜமான். எம் வூடு ஷாப்புக்குக் கூலி இல்ல."

மாமியார் அதோடு நிறுத்தவில்லை. "கூலிக்காரங்க ஒங்க பின்னாடி நனையாம நிக்கிறாங்க பாருங்க. ஏன் நிக்கிறாங்க? மேஸ்திரி கூப்புடல, அதான். கூலின்னா கூப்ட்டாதான் வருவான். எங்கள எவன் கூப்ட்டான்? எங்க களம். எங்க களத்துல ஒரு வாயும் வயிறுமான பொண்ணு பட்ட நனையுது. ஓடினோம். இன்னும் ஆயிரம் சர்வேயரு வந்து எழுதினாலும் ஓடுவோம்."

கொட்டகையில் நின்ற இருபது ஆம்பளைகளும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் எனக்குத் தெரிந்தது. பிறகு ரொம்ப நாள் அதைப் பற்றி அவரிடம் நான் பேசவில்லை.

"பட்டை யாருடையது?" என்று கேட்டார் டிப்டி கலெக்டர். அந்தப் பெண் கையைக் கூப்பி, "என்துங்க, இன்னும் நிறுக்கலிங்க" என்றாள். அவர் சாயபு பக்கம் திரும்பினார். சாயபு ஆமாம் என்று மட்டும் தலையாட்டியிருக்கலாம். அவர் வாயைத் திறந்தே சொன்னார்: "நிறுக்காத சரக்கு எங்களுது இல்லீங்க. களமும் இவங்க சும்மா உட்டதுதான்." சர்வேயர் பென்சிலை மடியில் செருகிக்கொண்டார்.

தை மாதம் தீர்ப்பு வந்தது. களம் தெருவுக்குச் சொந்தம், வீடுகள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தம், ஷாப்பை விரிவாக்குவது பொதுக் காரியம் ஆகாது, அதற்காக இவற்றை எடுக்க வேண்டியதில்லை என்று இருந்தது. நான் படித்து முடிக்கும் முன்பே தெருவில் கூச்சல். முதல் வீட்டுக்காரர் வெல்லம் வாங்கி வந்து எல்லோர் வாயிலும் போட்டார். அன்று சாயங்காலமே பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கை அள்ளி வந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் புளித்த புகை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது எனக்குச் சாம்பிராணியாக மணத்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

சாயபு களத்தில் பட்டை போடுவதை நிறுத்திவிட்டார். கோபத்தில் இல்லை. உங்களுடையது என்று சர்க்காரே சொன்ன பிறகு கேட்காமல் எப்படி வண்டி ஓட்டுவது என்று சொல்லி அனுப்பினார். அப்படியானால் ஷாப்புக்கு வண்டி எந்த வழியாக வரும்? சர்வேயர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மோர் கிடைக்கவில்லை. பெரிய ரோட்டிலிருந்து ஷாப்பு வாசலுக்கு நேராக ஒரே ஒரு வழிதான் போட முடியும். அந்த வழியில் நின்றது பதினான்காவது வீடு.

காகிதம் ஒட்ட வந்தவன் இந்தத் தடவை நேராக எங்கள் கதவுக்கே வந்தான். ரோடு போட இடம் தேவை, ரோடு எல்லோருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் நடக்கலாம், வண்டி ஓட்டலாம் என்று எழுதியிருந்தது. வேலூருக்கு ஓடினோம். வக்கீல் இரண்டு தரம் படித்தார். முன்பு போல வேகமாகப் பேசவில்லை. "போன தடவை பொது இல்லைன்னு ஜெயிச்சோம். இது பொதுதானே அம்மா? நீங்களே நடக்கலாமே. நான் என்னன்னு வாதாடுறது?" என்றார். மாமியார் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

நாலு நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை ஒரு வழி கொண்டுவந்தார். பழையபடி களத்தின் குறுக்கே வண்டி போகலாம் என்று தெரு முழுவதும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், ரோடே வேண்டாம் என்று சாயபு சர்க்காரிடம் சொல்லிவிடுவார். எங்கள் வீடு தப்பும். எனக்கு உயிர் வந்தது. தெரு கூடியது. பதின்மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள். எழுதாமல் விட்ட களத்தையே ஷாப்புடையது என்று எழுதியவர்கள், எழுதிக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதே சமயம் எங்களிடம் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாங்கள் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நான் நம்புகிறேன்.

கேட்க விடவில்லை என் மாமியார். "எழுதாதீங்க" என்றார். "இன்னிக்கு வண்டி போவட்டும்னு எழுதுவீங்க. நாளைக்கு களம் போவும், நாளான்னிக்கு பதிமூணு வூடும் போவும். ஒண்ணோட போவட்டும்." எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒன்றோடு போகட்டும் என்று சொல்ல அந்த ஒன்று அவருடையது மட்டுமா? என் பிள்ளை பிறந்த வீடு இல்லையா? பின்னாலேயே போய்க் கத்தினேன். "பெரிய தர்ம மகாராணி! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை. "கேட்டா நீ வாணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல" என்றார். அழுகிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. அடுப்புக்கு மண் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். இடிக்கப் போகிற அடுப்புக்கு! எனக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து மண் குழைத்துக் கொடுத்தேன்.

பங்குனியில் காலி செய்தோம். களத்தின் ஒரு ஓரத்தில், பதின்மூன்றாவது வீட்டுக்கு எதிர்ப்பக்கம், எங்களுக்கு இடம் கொடுத்தது தெரு. கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். எழுதாமல் எதையும் கொடுப்பதில்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தோம். கதவு, ஓடு, உத்தரம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரும் தெரு ஆம்பளைகளும் தூக்கி வந்தார்கள். ஷாப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் யாரும் கூப்பிடாமலே வந்து சுமந்தார்கள். அதைக் கவனித்தேன்.

கடைசி நாள் காலையில் மாமியார் அந்த அடுப்பில்தான் கஞ்சி வைத்தார். குடித்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். நெருப்பை அணைக்கவில்லை. நான் தண்ணீர் தெளிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "நாம ஏன் அணைக்கணும்? எடுத்தவன் அணைச்சிக்கட்டும்" என்றார். மண்வெட்டியோடு வந்த கூலிகள் கூரையில்லாத வீட்டில் புகைந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, அது தானாக அவியும்வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்களாம். சக்கை நெருப்பு, லேசில் அவியாது. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

ரோடு வந்தது, வண்டிகள் ஓடின. பட்டை அதன் வழியாக வந்தது, தோல் அதன் வழியாகப் போனது. உண்மையிலேயே எல்லோரும் நடந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. என் மாமியார் மட்டும் அதில் கால் வைக்கவில்லை. கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், முழங்கால் வலியோடு களத்தைச் சுற்றிக்கொண்டு முதல் வீட்டுப் பக்கமாகத்தான் பெரிய ரோட்டுக்குப் போவார். ஏழு வருஷம் அப்படியே சுற்றினார். அவர் போன அன்று பாடையைத் தூக்கியவர்கள் கிட்டத்து வழி என்று அந்த ரோட்டுப் பக்கம் திரும்பினார்கள். "சுத்திப் போங்க!" என்று நான் போட்ட கூச்சலில் கொட்டடிக்கிறவன் அடிப்பதை நிறுத்திவிட்டான். சுற்றித்தான் போனார்கள்.

நான் அவர் மாதிரி இல்லை. எனக்கு வேறு புத்தி. நான் தினமும் அந்த ரோட்டில் போகிறேன், நட்டநடுவில் போகிறேன். ஷாப்பு மதிலில் மூன்றாவது தூணுக்கு நேரே வந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பேன். அந்த இடம் எனக்கு அளக்காமலே தெரியும். பின்னால் பட்டை வண்டி வந்து நிற்கும், மாடு மூச்சு விடும். புதிதாக வந்த வண்டிக்காரன் என்றால், "ஓரமாப் போம்மா, இது பொது ரோடு" என்று சத்தம் போடுவான்.

"பொதுதான்டா, தெரியும்" என்பேன். "இது எங்க அடுப்படி. உல கொதிக்குது, இறக்கினதும் போறேன். நில்லு."

பழைய வண்டிக்காரர்கள் தாங்களாகவே மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.